கக்கின பிள்ளை தக்கும்

கைக்குழந்தை இருக்கிற வீட்டைக் கண்டுபிடிக்க கதவு நம்பர் தேவையில்லை. மொட்டை மாடிக் கொடியைப் பார்த்தாலே போதும். பழைய வேட்டியைக் கிழிச்ச துண்டுகள், கழுத்துப் பக்கம் மஞ்சளா கறை விழுந்த குட்டிச் சட்டைகள், அதுக்குப் பக்கத்துல அம்மாவோட நைட்டி. வீட்டுக்குள்ள காலை வெச்சா லேசா ஒரு புளிச்ச பால் வாசனை. பெத்தவளோட தோள்பட்டையில எப்பவும் ஒரு ஈரம்.

இது அந்த ஈரத்தைப் பத்தின கதை.

பச்சப் பிள்ளை பால் கக்குறதைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு சிலர் நினைக்கலாம். முதல் பிள்ளை பெத்த மூணாவது வாரத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு, குடிச்ச பால் மூக்கு வழியா வர்றதைப் பார்த்தவங்க அப்படி நினைக்க மாட்டாங்க.

என் பொண்ணுக்கு இப்ப மூணு வயசு. பிரசவம் பாளையங்கோட்டையில, எங்க அம்மா வீட்டுல இருந்து. பிறந்தப்ப 2 கிலோ 900. முதல் வாரம் எல்லாம் அமைதிதான். ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சது. பால் குடிச்சு முடிச்சதும் கொஞ்சம். தோள்ல போட்டா கொஞ்சம். துணி மாத்தலாம்னு படுக்க வெச்சா கொஞ்சம். ஒருநாள் எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன். பிள்ளை பாட்டுக்குக் கக்கிட்டு, உதட்டை ஒரு சப்பு சப்பிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டு கிடக்கும். அழுகை எல்லாம் எனக்குத்தான்.

பிள்ளை பார்க்க வர்ற சொந்தக்காரங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. "உரம் விழுந்திருக்கு, சேலையில போட்டு உருட்டணும்"னு ஒரு பெரியம்மா. "கண்ணு பட்டிருக்கு, மிளகா வத்தல் சுத்திப் போடு"ன்னு ஒரு சித்தி. "தொண்டையில தொக்கம் இருக்கு, எடுக்கிற ஆளு நம்ம ஊர்லயே இருக்காரு"ன்னு பக்கத்து வீட்டு அக்கா. "நீ என்னத்தத் தின்ன?"ன்னு கேட்காத ஆளே கிடையாது. நான் பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் தவிர வேற எதையும் கண்ணால கூடப் பார்க்கலை.

கடைசியா சென்னையிலேருந்து எங்க அத்தை, அதாவது மாமியார், வந்தாங்க. ரெண்டு நாள் கூடவே இருந்து பார்த்தாங்க. மூணாவது நாள் ரொம்பத் தயங்கி, "உன் பால் பிள்ளைக்குச் சேரலை போல இருக்கேம்மா"ன்னாங்க.

கெட்ட எண்ணத்துல சொல்லலை. அவங்களுக்கும் பேத்தி மேல உசுரு. ஆனா அந்த 'சேரலை'ங்கிற வார்த்தை இருக்கே, பெத்து பதினெட்டு நாளான ஒருத்திகிட்ட சொல்லக்கூடாத வார்த்தை அது. தையல் இன்னும் இழுக்குது, தூக்கம் கிடையாது, மார்பு கட்டி வலிக்குது. இத்தனையும் பொறுத்துக்கிட்டு கொடுக்கிற பாலே விஷம்ங்கிற மாதிரி காதுல விழும். அன்னிக்கு சாயங்காலமே அலமாரியில ஒரு பவுடர் பால் டின் வந்து உட்கார்ந்துடுச்சு. பால் புட்டியும் கூடவே.

இதுல ஒரு வேடிக்கை. இந்தியாவுல 1992-லயே குழந்தைகளுக்கான பால் பவுடர் பத்தி ஒரு சட்டம் வந்தது. விளம்பரம் பண்ணக்கூடாது, டின் மேலயே தாய்ப்பால்தான் குழந்தைக்குச் சிறந்ததுன்னு அச்சடிக்கணும். அந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதுலயும் இருந்தது. வீட்டுல அன்னிக்கு எனக்கு ஆதரவா இருந்தது அந்த டின் ஒண்ணுதான் :-)

இல்லை, இன்னொருத்தரும் இருந்தாங்க. எங்க ஆச்சி. ஏழு பெத்தவங்க. திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டே, "ஏட்டி, கக்கின பிள்ளை தக்கும்ட்டி. கக்காத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு? சோலியப் பாரு"ன்னாங்க. தக்கும்னா தங்கும், பிழைச்சுக்கிடும்னு அர்த்தம். பழமொழியைக் கேட்டா நிம்மதியாத்தான் இருந்தது. ஆனா பழமொழியை நம்பி எவ்வளவு நேரம் தூங்க முடியும்? மறுநாள் காலையில பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போனோம். நான், அம்மா, அத்தை மூணு பேரும்.

டாக்டரம்மா துணியைப் பார்க்கவே இல்லை. நான் சாட்சிக்குன்னு ரெண்டு ஈரத்துணி பையில கொண்டு போயிருந்தேன் :-) அவங்க கேட்டது நாலே கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது? கக்குறது வழியுதா, பீய்ச்சி அடிக்குதா? என்ன நிறம்? கக்கின பிறகு பிள்ளை எப்படி இருக்கு?

எட்டு தடவை போகுது, வாயோரமா வழியுது, வெள்ளை, சிரிக்கிற மாதிரி ஃபேனைப் பார்க்குதுன்னேன். அப்புறம் பிள்ளையோட துணியை எல்லாம் கழட்டி எடை போட்டாங்க. 3 கிலோ 180 கிராம்.

பிறந்த எடையிலேருந்து முதல் சில நாள்ல கொஞ்சம் குறையுறது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. பத்துல ஒரு பங்கு வரைக்கும் கூடக் குறையலாம். ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடையைத் திரும்பப் பிடிச்சுடணும். அதுக்கப்புறம் முதல் மூணு மாசம் நாளொன்றுக்கு 20-லேருந்து 30 கிராம் ஏறணும். என் பொண்ணு நாலாம் நாள் 2 கிலோ 700 இருந்தா. இப்ப இருபதாம் நாள். டாக்டரம்மா அட்டையில புள்ளி வெச்சுட்டு, அத்தையைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "அம்மா பால் சேரலைன்னா, பதினாறு நாள்ல இந்த 480 கிராம் எங்கேருந்து வந்துச்சு?"

அந்த ஒரு கேள்விக்காகவே அவங்களுக்குக் கோயில் கட்டலாம்.

சரி, ஏன் கக்குது? டாக்டரம்மா சொன்னதையும், அப்புறமா நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

நம்ம உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல தசையாலான ஒரு வளையம் இருக்கு. ஆச்சியோட சுருக்குப்பை வாய் மாதிரி. சாப்பாடு உள்ளே போனதும் சுருங்கி மூடிக்கணும். பச்சப் பிள்ளைக்கு அந்த வளையம் இன்னும் பக்குவப்படலை. அடிக்கடி தானா தளர்ந்து திறந்துக்கும். உணவுக்குழாயும் ரொம்பச் சின்னது. உள்ளே இருக்கிறது பூரா தண்ணியா இருக்கிற பால். பிள்ளையோ நாள் பூரா படுத்தே கிடக்கு. வாய் வரைக்கும் நிரப்பின சொம்பைச் சாய்ச்சு வெச்சா என்ன ஆகும்? அதேதான்.

தமிழ்ல இதுக்கு அழகா வார்த்தைகள் இருக்கு. பெரியவங்களுக்கு நெஞ்சு வரைக்கும் ஏறி வந்தா 'எதுக்களிக்குது'ன்னு சொல்றோம். பிள்ளைக்கு வாய் வழியா வழிஞ்சா 'கக்குது'. வயிறு குமட்டி, ஓங்கரிச்சு, பலத்தோட வெளியே வந்தா அது 'வாந்தி'. நம்ம பாட்டிமார் இந்த மூணையும் தனித்தனியாத்தான் வெச்சிருக்காங்க. கக்குறதுல ஓங்கரிப்பு கிடையாது, வலி கிடையாது. சும்மா வழியும். மூக்கும் தொண்டையும் உள்ளே ஒண்ணா சேர்றதால சில சமயம் மூக்கு வழியாவும் வரும். பார்க்க பயமா இருக்கும், அவ்வளவுதான்.

எத்தனை பிள்ளைங்க கக்கும்? அமெரிக்காவுல தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பெத்தவங்ககிட்ட கேட்டு 1997-ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு. முதல் மூணு மாசத்துல பாதிப் பிள்ளைங்க தினம் ஒரு தடவையாவது கக்குது. நாலாவது மாசத்துல இது நூத்துக்கு 67. பத்து மாசத்துக்கு மேல பார்த்தா நூத்துக்கு அஞ்சுதான். அதாவது முதல்ல ஏறும், நாலு மாசத்துல உச்சத்துக்குப் போகும், உட்கார்ந்து கெட்டியா சாப்பிட ஆரம்பிச்சதும் தானா இறங்கிடும். ரெண்டாவது மாசத்தை விட மூணாவது மாசம் அதிகமா கக்குதேன்னு பதறினா இந்தக் கணக்கை நினைச்சுக்கணும்.

"தயிர் தயிரா வருதே, பால் உள்ளே கெட்டுப் போச்சா?" இது அத்தையோட அடுத்த சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனா பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரியுது இல்லையா? வயித்துல இருக்கிற அமிலம் பட்டா தாய்ப்பாலும் அப்படித்தான் திரியும். குடிச்ச உடனே கக்கினா பாலாவே வரும், கொஞ்ச நேரம் கழிச்சுக் கக்கினா தயிரா வரும். தயிரா வந்தா வயிறு வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

"குடிச்சதெல்லாம் வந்துடுச்சு"ன்னு சொல்றதும் பெரும்பாலும் கண்ணோட ஏமாத்து. வீட்டுக்கு வந்ததும் என் தம்பி ஒரு சோதனை பண்ணிக் காமிச்சான். மருந்து குப்பியோட வர்ற அளவு மூடியில சரியா 10 மில்லி பசும்பால் எடுத்து, பாலாடையில ஊத்தி, வேட்டித் துண்டு மேல கவுத்தான். உள்ளங்கையை நல்லா விரிச்சு வெச்ச அகலத்தையும் தாண்டிப் பரவுச்சு. என் பொண்ணு வழக்கமா கக்குற ஈரம் அதுல பாதி கூட இருக்காது. அத்தை குனிஞ்சு அந்தத் துணியையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இவ்ளோதானா?"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி டின்னை எடுத்து பரண் மேல போட்டது அவங்களேதான்.

அந்த டின் திறக்கப்பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தாய்ப்பால் கணக்கு கிணத்துத் தண்ணி மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். பிள்ளைக்குப் புட்டிப்பால் ஒரு வேளை கொடுத்தா, அந்த வேளைக்கு மார்புல இருந்து பால் எடுக்கப்படலை. உடம்பு 'தேவை குறைஞ்சு போச்சு'ன்னு எடுத்துக்கும். நாளைக்கு ஊறல் குறையும். குறைஞ்சா இன்னொரு புட்டி. ஒரு மாசத்துல 'எனக்குப் பால் இல்லை'ன்னு முடிஞ்சிடும். புட்டிப்பால் குடிச்சாலும் பிள்ளை கக்கத்தான் போகுது. துவைக்கிற பிரச்சனைக்குப் பயந்து தாய்ப்பாலை இழக்கிற வீடுகள் இப்படித்தான் உருவாகுது. நிஜமாவே பால் பத்தாதவங்க, மருத்துவக் காரணத்துக்காகப் பவுடர் பால் கொடுக்கிறவங்க இருக்காங்க. அவங்களைச் சொல்லலை. கக்குது என்கிற ஒரே காரணத்துக்காக நிறுத்துறதைத்தான் சொல்றேன்.

இனி, கக்குறதைக் குறைக்க எங்க வீட்டுல என்ன பண்ணினோம்னு சொல்றேன். நிறுத்த முடியாது, குறைக்கலாம்.

பசி முத்தி வீறிட்டு அழற வரைக்கும் விடாம, கையைச் சப்ப ஆரம்பிச்சதுமே பால் கொடுத்தேன். அழுதுக்கிட்டே குடிச்சா காத்தையும் சேர்த்து முழுங்கும். காத்து வெளியே வர்றப்ப பாலையும் துணைக்கு இழுத்துட்டு வரும். காம்பு மட்டும் வாயில இருக்காம, கரு வளையமும் வாய்க்குள்ள போற மாதிரி பிடிக்க வைக்கணும். 'சப் சப்'னு சத்தம் வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம். விரலை விட்டு எடுத்துட்டு மறுபடி வைக்கணும். தலை வயித்தை விடக் கொஞ்சம் உயரமா இருக்கணும்.

ஒரு பக்கம் முடிச்சதும் ஒரு ஏப்பம், இன்னொரு பக்கம் முடிச்சதும் ஒரு ஏப்பம். தோள்ல நிமிர்த்திப் போட்டு முதுகை நீவி விடணும். தபேலா வாசிக்க வேண்டியதில்லை :-) அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா விட்டுடலாம். எல்லா வேளையும் ஏப்பம் வந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

குடிச்ச பிறகு இருபது, முப்பது நிமிஷம் நிமிர்த்தியே வெச்சிருந்தோம். இந்த வேலை எங்க அப்பாவுக்கு. பேத்தியைத் தோள்ல போட்டுக்கிட்டு டிவியில நியூஸ் பார்ப்பார். அரை மணி நியூஸ் சரியா இருக்கும். நாற்காலி மாதிரி வர்ற சாய்வு சீட்டுல உட்கார வைக்கிறது இதுக்கு மாற்று இல்லை. அதுல வயிறு மடிஞ்சு அமுங்கி இன்னும் அதிகமா கக்கும்.

குளிப்பாட்டுறதைப் பாலுக்கு முன்னால வெச்சுக்கிட்டோம். நம்ம ஊர்ல கால் மேல குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ச்சு நீவுற குளியல். வயிறு நிறைஞ்ச பிள்ளையை அப்படிப் போட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. பால் குடிச்ச கையோட தூளியில போட்டு வேகமா ஆட்டுறதையும் விட்டோம். அரைஞாண் கயிறும் டயபரும் வயித்தை இறுக்காம பார்த்துக்கிட்டோம். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைன்னா இன்னொண்ணு: மிச்சம் இருக்கேன்னு கடைசி 20 மில்லியைத் திணிக்கக் கூடாது. முகத்தைத் திருப்பினா போதும்னு அர்த்தம்.

தூங்க வைக்கிறதுல ஆச்சிக்கும் எனக்கும் சண்டையே வந்தது. கக்குற பிள்ளையை மல்லாக்கப் போட்டா புரையேறிடும், ஒருக்களிச்சு இல்லைன்னா குப்புறப் போடுன்னு அவங்க. நானும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். விஷயம் நேர்மாறு. மல்லாந்து படுக்கிறப்ப மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கு. ஏறி வந்த பால் மூச்சுக்குழாய்க்குள்ள போகணும்னா மேல் நோக்கி ஏறணும். குப்புறப் படுத்தா மூச்சுக்குழாய் கீழ வந்துடும். தூக்கத்துல திடீர்னு குழந்தைகள் இறந்து போறதுக்கும் குப்புறப் படுக்க வைக்கிறதுக்கும் தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சதும், 1992-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் போடாதீங்கன்னு அறிவிச்சது. கக்குற பிள்ளைக்கும் இதே விதிதான். சமமான, கெட்டியான படுக்கை, மல்லாந்த தூக்கம். தலையணை வெச்சுத் தூக்கிவிடுறதெல்லாம் வேண்டாம். கழுத்து மடிஞ்சு மூச்சு அடைக்கலாம். முழிச்சிருக்கிறப்ப, நாம பக்கத்துல இருக்கிறப்ப, எவ்வளவு வேணும்னாலும் குப்புறப் போட்டு விளையாட விடலாம்.

அப்புறம் இந்த மருந்து விவகாரம். தொக்கம் எடுக்கிறேன்னு சொல்லி பிள்ளை தொண்டையில விரல் விடுறதும், குழல் வெச்சு உறிஞ்சுறதும் வேண்டவே வேண்டாம். தாய்ப்பால் தவிர வேற எதுவும் சாப்பிடாத பிள்ளைகிட்டேருந்து சோத்துப் பருக்கையும் கறித்துண்டும் எடுத்துக் காட்டினா அது எங்கேருந்து வந்ததுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. தொண்டையில காயம் பட்டா யார் பொறுப்பு? வசம்பு உரசி நாக்குல தடவுறது நம்ம பக்கம் சர்வ சாதாரணம். அதோட பேரே பிள்ளை வளர்ப்பான். ஆனா அதே வசம்பு அளவு கூடினா வாந்தியை வரவழைக்கிற சரக்கு. கக்குதுன்னு வசம்பு கொடுக்கிறது எரியுற வீட்டுல எண்ணெய் ஊத்துற கதை. கிரைப் வாட்டர் 1851-ல இங்கிலாந்துல வில்லியம் உட்வர்ட் என்கிற மருந்துக்கடைக்காரர் செஞ்சது. அந்தக் காலத்துச் செய்முறையில சாராயமே உண்டு. இப்ப அது இல்லைன்னாலும், ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றப்ப இது எதுக்கு?

கடையில கேட்டு வாங்கிக் கொடுக்கிற வாந்தி சொட்டு மருந்தும் அப்படித்தான். டாம்பெரிடோன் என்கிற மருந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்னு 2014-ல ஐரோப்பாவுல கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. நல்லா எடை ஏறுற, சிரிக்கிற பிள்ளைக்கு அமிலம் குறைக்கிற மருந்தும் தேவையில்லை. அது கக்குறதை நிறுத்தாது. டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டுல மருந்தே கிடையாது. 'துணி நிறைய வெச்சுக்கவும்'னு வாயால சொன்னதோட சரி.

இத்தோட முடிச்சா நல்லா இருக்கும். ஆனா பழமொழிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு.

அடுத்த வருஷம் என்கூடப் படிச்சவ ஒருத்திக்குப் பையன் பிறந்தான். முதல் பிள்ளை. அஞ்சாவது வாரத்துல ஒருநாள் போன் பண்ணினா. "கக்கிக்கிட்டே இருக்கான்டி. உன் பொண்ணும் இப்படித்தானே? வீட்டுல எல்லாரும் கக்கின பிள்ளை தக்கும்ங்கிறாங்க." நான் கேட்டேன், "வழியுதா, அடிக்குதா?" "தொட்டிலேருந்து சுவர் வரைக்கும் போய் விழுது." "ஒவ்வொரு வேளையுமா?" "ஆமா, நாலு நாளா. கக்கினதும் உடனே பசிக்குதுன்னு அழறான்." "ஒண்ணுக்கு எத்தனை தடவை போனான்?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நேத்து காலையிலேருந்து ரெண்டு தடவை."

போனை வெச்சுட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன்னேன்.

வயித்துல ஸ்கேன் எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு. இரைப்பையோட கீழ் வாசல்ல இருக்கிற தசை தடிச்சு, வழி அடைச்சுப் போயிருந்தது. பால் கீழ இறங்கவே முடியாததால மேல அடிச்சிருக்கு. மூணு வாரத்துலேருந்து ஆறு வாரத்துக்குள்ளதான் இது அதிகமா வரும். பொண்ணுங்களை விடப் பையன்களுக்கு நாலு மடங்கு அதிகம், அதுலயும் முதல் பையனுக்கு. கோபன்ஹேகன்ல ஹிர்ஷ்ப்ருங் என்கிற டாக்டர் 1888-லயே இதைத் தெளிவா விவரிச்சார். ஆனா வைத்தியம் இல்லாம நிறையப் பிள்ளைங்க செத்துப்போச்சு. 1912-ல ராம்ஸ்டெட் என்கிற ஜெர்மன் அறுவை மருத்துவர் தடிச்ச தசையை மட்டும் கீறி விடுற ஒரு எளிய முறையை வெளியிட்டார். இன்னிக்கும் அடிப்படையில அதேதான். அவ பையனுக்கு முதல்ல ஒரு நாள் பூரா டிரிப்ஸ் ஏத்தி உடம்புல உப்பு, தண்ணியைச் சரிபண்ணினாங்க. மறுநாள் ஆபரேஷன். அதுக்கு மறுநாள் மறுபடி தாய்ப்பால்.

அவனும் தக்கினான். ஆனா பழமொழியால இல்லை, நேரத்துக்குப் போனதால. தக்காம போயிருந்தா பழமொழி வந்து பதில் சொல்லாது.

அதனால இதை மட்டும் மனசுல எழுதி வெச்சுக்கோங்க. கீழ இருக்கிறதுல எது இருந்தாலும் ஆச்சியும் வேண்டாம், நானும் வேண்டாம், நேரா டாக்டர்தான்.

1. பச்சை நிறத்துல கக்கினா. பித்தம் கலந்து வருதுன்னா குடல் முறுக்கி அடைச்சிருக்கலாம். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே கிளம்பணும்.
2. ரத்தமோ, காப்பித்தூள் மாதிரியோ வந்தா. அம்மாவோட காம்பு வெடிச்சு அந்த ரத்தம் பாலோட போய் வந்திருக்கலாம். இருந்தாலும் காட்டிடணும்.
3. ஒவ்வொரு வேளையும் பீய்ச்சி அடிச்சா.
4. ஒண்ணுக்குப் போறது ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் கீழ குறைஞ்சா, உச்சிக்குழி உள்வாங்கினா, பிள்ளை துவண்டு போய் எழுப்பினாலும் சரியா முழிக்கலைன்னா.
5. எடை ஏறலைன்னா, இல்லை பால் குடிக்கவே மறுத்து உடம்பை வில்லா வளைச்சு அழுதா.
6. வயிறு வீங்கி கல்லு மாதிரி இருந்தா, மலத்துல ரத்தம் வந்தா.
7. கக்குறப்ப நீலம் பாரிச்சா, மூச்சுத் திணறினா.
8. மூணு மாசத்துக்குள்ள 100.4 டிகிரியோ அதுக்கு மேலயோ காய்ச்சல் இருந்தா.
9. ஆறு மாசம் வரைக்கும் கக்காத பிள்ளை அதுக்கப்புறம் புதுசா ஆரம்பிச்சா, இல்லை ஒண்ணரை வயசு தாண்டியும் நிக்கலைன்னா.

இது எதுவும் இல்லையா? அப்ப ஆச்சி சொன்னதுதான் சரி. சோலியப் பாருங்க.

என் பொண்ணு நாப்பத்தஞ்சாம் நாள் தடுப்பூசிக்குப் போனப்ப 3 கிலோ 950 இருந்தா. நாலாவது மாசத்துல கக்குறதுல உச்சத்தைத் தொட்டா, புத்தகத்துல போட்ட மாதிரியே. ஏழாவது மாசம் உட்கார ஆரம்பிச்சதும் குறைஞ்சது. பத்தாவது மாசத்துல ஒருநாள், தோள்ல துண்டு போடாமலே பிள்ளையைத் தூக்கிட்டு கடைக்குப் போய் வந்திருக்கேன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனிச்சேன். எந்த நாள்ல நின்னதுன்னு சத்தியமா தெரியாது. நின்னதுக்கு யாரும் மேளம் கொட்டலை.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பிள்ளை பார்க்கப் போறப்ப, பிள்ளை கக்கினா, "பால் சேரலையா?"ன்னு கேட்காதீங்க. "எடை ஏறுதா? ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?"ன்னு கேளுங்க. ஆமான்னு சொன்னா, "அப்ப உன் பால் நல்லாத்தான் சேருது"ன்னு அவ காதுல விழுற மாதிரி சத்தமா சொல்லுங்க. சுத்தி இருக்கிறவங்க காதுலயும் விழட்டும். கையில ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதிலா துவைச்ச பழைய பருத்தி வேட்டி ரெண்டு கொண்டு போங்க. அது ரொம்ப உபயோகப்படும் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. நிறையத் துணி துவைச்சவ, அவ்வளவுதான்.